கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் லாக் கடப்பது எப்படி: முதல்முறை படகு ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை சுமார் 140 கிலோமீட்டர் ஓடும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் மொத்தம் 105 லாக்குகள், அதாவது படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள். வாடகைக்கு நேரோபோட் என்கிற ஒடுக்கமான, நீளமான கால்வாய்ப் படகை எடுத்தால், கொடுக்கிறவர்கள் முதல் லாக்கில் கூடவே வந்து செய்து காட்டுவார்கள். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு பார்ப்போம். அடுத்த லாக்கில் நாமும் நம் வீட்டாரும் மட்டும்தான்.

ஒவ்வொரு பயணத்திலும் புது ஆட்களை ஏற்றிப்போன அனுபவத்தில் சொல்கிறேன்: லாக்கில் தவறு நடப்பது பலம் போதாமல் அல்ல, வரிசை மாறுவதால். அதனால் இங்கே எதற்குப் பின் எது, ஏன் அப்படி என்பதில்தான் அதிகம் நிற்கப் போகிறேன்.

1. முதலில் சில சொற்கள்

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீளமான தொட்டி. மேட்டுப் பக்கம் இருப்பது மேல்கதவு, பள்ளத்துப் பக்கம் இருப்பது கீழ்க்கதவு. இந்தக் கால்வாயில் தொட்டி ஏறக்குறைய 22 மீட்டர் நீளம், 4.3 மீட்டர் அகலம். நேரோபோட்டின் அகலம் சுமார் 2.1 மீட்டர். அதாவது இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒரே படகு நின்றால் அது இங்குமங்கும் அலையும். பின்னால் கயிற்றைப் பற்றி இவ்வளவு பேசுவது அதனால்தான்.

பேடில் என்று இங்கே சொல்வது நம் ஏரி மதகில் இருக்கும் ஷட்டர் போன்றதுதான். தொட்டிக்குள் தண்ணீரை விடுவதும் வெளியேற்றுவதும் அது. சில பேடில்கள் கதவிலேயே இருக்கும், சில கரையில் நிலத்தடிக் குழாயில் இருக்கும். அதைச் சுற்றித் திறக்கிற ‘ட’ வடிவக் கைப்பிடிக்குப் பெயர் விண்ட்லாஸ்.

இரண்டு லாக்குகளுக்கு நடுவில் கிடக்கும் தண்ணீருக்கு பவுண்ட் என்று பெயர். காசு இல்லை, ஆனால் காசைப் போலவே பார்த்துச் செலவழிக்க வேண்டியது.

கடைசியாக, சில். மேல்கதவு அடியில் போய் அமரும் கல் வாசற்படி அது. தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சொல்லை மறக்காதீர்கள், 7ஆம் பகுதியில் வருகிறது.

2. கிளம்பும் முன் தயார் செய்ய வேண்டியவை

விண்ட்லாஸ் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஒன்று எப்படியும் தண்ணீரில் விழும். மாட்டும் துளை இரண்டு அளவுகளில் வருவதால், படகோடு கொடுத்தது உங்கள் வழித்தட லாக்குகளுக்குச் சேருமா என்று கேட்டு வாங்குங்கள். கையுறை வேண்டும். கைப்பிடிக்காக மட்டும் இல்லை, நனைந்த கயிறு உள்ளங்கையில் ஓடினால் தோலைக் கொண்டுபோய்விடும். அடிப்பாகம் வழுக்காத காலணி வேண்டும், செருப்பு கூடாது. குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள்.

படகின் பக்கவாட்டில் இடிதாங்கியாகத் தொங்கும் ஃபெண்டர்களை மேலே தூக்கிப் போட்டுவிடுங்கள். சுவருக்கும் படகுக்கும் நடுவில் அவை ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும்.

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுக்கான் பிடிப்பவர் ஒருவர். கரையில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். பேடிலைத் திறப்பது சுக்கான்காரர் கட்டைவிரல் காட்டிய பிறகுதான். மேலே நிற்பவருக்குப் படகின் பின்பக்கம் தெரியாது, கீழே இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆபத்தில் கத்துவதற்கு ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாங்கள் ‘நிறுத்து’ என்று வைத்திருந்தோம். அதைக் கேட்டதும் புது ஆட்கள் கைப்பிடி சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள், பேடில் பாதி திறந்தே கிடந்தது. இப்போது எங்கள் படகில் அந்தச் சொல் ‘மூடு’. என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

3. நிறுத்துங்கள், இறங்குங்கள், நடந்து போய்ப் பாருங்கள்

லாக் கண்ணில் பட்டதும் அதற்கு முன்னால் உள்ள படகுத்துறையில் ஒதுங்குங்கள். கரை ஆட்கள் மட்டும் விண்ட்லாஸோடு நடந்து போகட்டும். தொட்டி நிறைந்திருக்கிறதா, காலியா? எதிர்த் திசையில் படகு வருகிறதா? எல்லாப் பேடில்களும் மூடியிருக்கின்றனவா?

எதிரில் வருபவருக்குத் தொட்டி தயாராக இருந்தால் அவரை விடுங்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை. 22 மீட்டர் நீளம், 4.3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று பெருக்கினால் ஒரு தொட்டித் தண்ணீர் சுமார் 2.4 லட்சம் லிட்டர். அவர் உள்ளே வரும் முன் நீங்கள் அதைத் திருப்பினால், அதாவது நிறைத்தோ காலி செய்தோ உங்கள் மட்டத்துக்கு மாற்றினால், அவ்வளவும் யாருக்கும் பயனில்லாமல் பள்ளத்துக்குப் போகும்.

கீழிருந்து வரும்போது இன்னொன்று. மிச்சத் தண்ணீர் வழிந்து வரும் ஓடை ஒன்று பல லாக்குகளில் வாசலுக்குப் பக்கத்திலேயே வந்து விழும். அது படகின் முன்பக்கத்தைத் தள்ளிவிடும். எங்கே நுரை தெரிகிறது என்று கரை ஆள் பார்த்துச் சொன்னால் சுக்கான்காரர் அதற்கேற்ப வளைத்து வரலாம்.

4. பேடிலைத் திறப்பதும் மூடுவதும்

விண்ட்லாஸைத் தண்டில் முழுக்க மாட்டுங்கள், பாதி மாட்டினால் வழுக்கும். பல்சக்கரத்தின் மேல் ஒரு சிறு இரும்புக் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சுற்றச் சுற்ற அது டக் டக் என்று ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொள்ளும். பேடில் கீழே சரியாமல் தாங்குவது அதுதான்.

திறந்து முடித்ததும் கொக்கி நன்றாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்ட்லாஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டிலேயே விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கொக்கி நழுவினால் மேலே இருக்கும் பேடில் தன் எடையில் இறங்கும், விண்ட்லாஸ் காற்றாடி போலச் சுழலும். கைக்கு எட்டும் தூரத்தில் முகம் இருந்தால் பல் போகும்.

மூடும்போது, முதலில் கொஞ்சம் மேல்நோக்கிச் சுற்றி எடையைக் கையில் வாங்குங்கள், பிறகு கொக்கியைத் தூக்குங்கள், பிறகு சுற்றியே இறக்குங்கள். கொக்கியை எடுத்துவிட்டுத் தடாலென்று விழவிடுவது வேகமாகத் தெரியும், ஆனால் பேடில் உடையும்.

தொட்டியைத் தயார் செய்யும் வரிசை இது: எதிர்ப்பக்கக் கதவும் பேடிலும் முழுக்க மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே உங்கள் பக்கப் பேடில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் மேல் பவுண்ட் அப்படியே லாக் வழியாக ஓடிப்போகும். காலையில் எழுந்து பார்த்தால் மேலே நிற்கும் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

5. கதவு எப்போது திறக்கும்

“மாமா, கதவு ஸ்டக் ஆயிடுச்சு!” முதல் பயணத்தில் என் அக்கா மகன் முகம் சிவக்க, கதவிலிருந்து கரைப்பக்கம் நீளும் மரக்கையைத் தள்ளிக்கொண்டு நின்றான். கதவு மாட்டவில்லை. உள்ளே தண்ணீர் மட்டம் வெளியே இருப்பதைவிட நான்கு விரல் கீழே இருந்தது.

நான்கு விரல்தானே என்று தோன்றும். கதவு 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே அந்தக் கதவின் மேல் 400 கிலோ அழுத்தம். நீங்கள் தள்ளுவது அதைத்தான். அவனை உட்காரச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து முதுகை லேசாகச் சாய்த்தான், கதவு தானாக நகர்ந்தது.

மரக்கையைத் தள்ள வேண்டியது கையால் இல்லை, இடுப்பாலும் முதுகாலும். தரையில் வளைவாகப் பதித்திருக்கும் மேடான செங்கல் வரிசை கால் ஊன்றுவதற்காக வைத்ததுதான். திறந்த கதவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சுற்றிப் போனால் நாற்பது அடி நடை, அவ்வளவுதான். படகால் முட்டிக் கதவைத் திறப்பதும் வேண்டாம்.

6. மேலே ஏறும்போது

தொட்டி காலியாக இருக்கும், இருட்டாக, பாசி பிடித்த சுவர்களோடு. படகை நேராக, நடைவேகத்தில் உள்ளே கொண்டுபோங்கள். படகு பின்னாலிருந்து திரும்பும் என்பதால் கடைசி நிமிடத்தில் சுக்கானைத் திருப்பிப் பயன் இல்லை, வெளியிலேயே நேராக்கிக்கொள்ளுங்கள். ஒரு சுவரை ஒட்டி நிற்க வேண்டும். கீழ்க்கதவையும் கீழ்ப் பேடில்களையும் மூடுங்கள்.

கயிற்றைக் கரை ஆள் மேலே வாங்கி, தூணில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். படகு உயர உயரக் கயிறு தளரும், அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது மேல் பேடில். எந்தப் பக்கச் சுவரை ஒட்டிப் படகு நிற்கிறதோ, அதே பக்கத்துக் கரைப் பேடிலை முதலில் பாதி திறங்கள். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் தண்ணீர் படகுக்கு அடியில் பாய்ந்து எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து, படகை அதன் பக்கச் சுவரோடே அழுத்திப் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் படகு குறுக்கே இழுக்கப்படும், கயிறு பிடித்தவர் திண்டாடுவார்.

ஆட்டம் அடங்கியதும் முழுதாகத் திறங்கள், அதன் பிறகு மறுபக்கம். கதவிலேயே இருக்கும் பேடில் கடைசி. அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கும் முன் திறந்தால் அருவி மாதிரி பாய்ந்து படகின் முன்தளத்தில் நேராக விழும். நேரோபோட்டின் முன்கதவு தாழ்வானது, உள்ளே தண்ணீர் புக அதிக நேரம் ஆகாது.

படகின் மூக்கு மேல்கதவைத் தொடாமல் சற்று விலகியே இருக்கட்டும். கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மூக்கு மாட்டினால், பின்பக்கம் உயரும், முன்பக்கம் உயராது.

7. கீழே இறங்கும்போது

ஏறும்போது ஆட்டம் இருக்கும், பயம் இருக்கும், அதனால் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். இறங்குவது அமைதியானது. தண்ணீர் சத்தமே இல்லாமல் குறையும். யாரோ தேநீர் போடப் போவார்கள், சுக்கான்காரர் போனை எடுப்பார். பெரிய விபத்துகள் நடப்பது இங்கேதான்.

படகு உள்ளே வந்ததும் மேல்கதவையும் மேல் பேடில்களையும் மூடுங்கள். பிறகு லாக்கின் ஓரக்கல்லில் வெள்ளைக் கோடு ஒன்றைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வாசற்படி, சில், தொட்டிக்குள் எதுவரை நீண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. உங்கள் படகின் கடைசி அங்குலம் வரை, சுக்கானும் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். சுக்கான் தளத்தில் நிற்பவர் தன் காலை வைத்துக் கணக்குப் பார்ப்பார், அது தவறு. அவர் காலுக்குப் பின்னாலும் படகு இருக்கிறது, சுக்கான் இருக்கிறது.

கோட்டுக்குப் பின்னால் நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் குறையும்போது பின்பக்கம் படியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சில நிமிடங்களில் முன்தளம் தண்ணீருக்குள். பல டன் எடையுள்ள இரும்புப் படகு அதற்கு மேல் மிதக்காது.

உள்ளே வரும்போது சரியாக நின்றீர்கள் என்பது போதாது. தொட்டியில் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருப்பதால் படகும் முன்னும் பின்னும் போகும். என்ஜின் ஓடட்டும், சுக்கான்காரர் கை கியரில் இருக்கட்டும், கண் வெள்ளைக் கோட்டில் இருக்கட்டும். பின்னால் வந்தால் ஒரு நொடி முன் கியர், உடனே நியூட்ரல். ஆனால் மூக்கைக் கீழ்க்கதவில் வைத்து அழுத்திக்கொண்டும் நிற்காதீர்கள், அங்கும் ஏதாவதில் மாட்டும்.

அடுத்தது கயிறு. ஏறும்போது சொன்ன அதே ஒரு சுற்றுதான், ஆனால் இப்போது விட்டுக்கொண்டே போக வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. நண்பர் ஒருவர் நடுக்கயிற்றை நல்ல எண்ணத்தோடு இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டு, மறுபக்கப் பேடிலைத் திறக்கப் போய்விட்டார். முதலில் தெரிந்தது கூரைமேல் இருந்த தேநீர்க் கோப்பைதான். அது மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் கயிறு வீணைக் கம்பி மாதிரி இறுகியிருந்தது, உள்ளே பாத்திரங்கள் சரியும் சத்தம். “மூடு!” என்று கத்தியதும் இரண்டு பேடில்களும் இறங்கின, படகு ஒருபக்கம் சாய்ந்தபடி நின்றது. அவ்வளவு இறுகிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது. மேல் பேடிலைக் கொஞ்சம் திறந்து தண்ணீரை ஏற்றின பிறகுதான் அவிழ்த்தோம். கோப்பை போய்விட்டது.

8. மாட்டிக்கொண்டால்

இரண்டு படிகள்தான், ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் திறந்திருக்கும் பேடில்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். அதுவரைக்கும் வேறு எதுவும் செய்யாதீர்கள், ஓடிப்போய்ப் படகைத் தள்ளவும் வேண்டாம். இரண்டாவது, வந்த நிலைக்கே தண்ணீரைத் திருப்புங்கள். இறங்கும்போது மாட்டினால் மேல் பேடிலை மெதுவாகத் திறந்து ஏற்றுங்கள். ஏறும்போது மூக்கு மாட்டினால் கீழ்ப் பேடிலைத் திறந்து இறக்குங்கள்.

நிறையப் பேர் முதல் படியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதற்குப் போகிறார்கள். அப்போது மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், தொட்டிக்குள் வெள்ளம் ஓடும்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் முதலில் நியூட்ரல், புரொப்பல்லர் நிற்க வேண்டும். அதே நேரத்தில் பேடில்களை மூடுங்கள். பிறகுதான் கயிறு, ஏணி. பின்னாலேயே குதித்துவிடாதீர்கள்.

9. வெளியே வந்த பிறகு

படகு வெளியேறியதும் கதவுகளைச் சாத்துங்கள், எல்லாப் பேடில்களும் இறங்கியிருப்பதை ஒருமுறை நடந்து பாருங்கள். எதிரில் படகு வந்துகொண்டிருந்தால் மட்டும் கதவைத் திறந்து விட்டுப் போகலாம். கதவின் மேல் விட்ட விண்ட்லாஸை எடுத்தீர்களா?

10. கேன் ஹில்: 29 லாக் ஒரே மூச்சில்

டிவைஸஸ் ஊரை ஒட்டி சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் 29 லாக்குகள், மொத்த ஏற்றம் 72 மீட்டர். அடியில் 7, நடுவில் செங்குத்தாக அடுத்தடுத்து 16, ஊர்ப்பக்கம் 6. முதல்முறை என்றால் முழு நாளையே ஒதுக்குங்கள். நுழைவதற்குக் கடைசி நேரம் உண்டு, பருவத்துக்கு ஏற்ப மாறும். கால்வாயை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் அறிவிப்பை முந்தின நாளே பாருங்கள். நடுவில் உள்ள 16இல் பாதியில் நின்று ஓய்வெடுக்க முடியாது, அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

இங்கே தனியாகப் போகாமல் இன்னொரு படகைத் துணை சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாதியாகும், வேலையும் பாதியாகும், இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அலையவும் இடம் இருக்காது. கால் மணி நேரம் காத்திருந்தாவது கூட்டுப் பிடியுங்கள். அடியில் உள்ள ஃபாக்ஸ்ஹேங்கர்ஸ் என்ற இடத்தில் 1996இல் வைத்த பம்ப், நாளுக்கு 3.2 கோடி லிட்டர் வரை மேலே திருப்பி ஏற்றக்கூடியது. கணக்குப் போட்டால் 11 நிமிடத்துக்கு ஒரு தொட்டி. அப்படி ஏற்றியும் வறண்ட கோடையில் போதாமல் போவதுண்டு.

வேலையை ஓடவிடும் முறை: கரை ஆட்களில் ஒருவர் படகோடு இருப்பார், மற்றவர் அடுத்த லாக்கைத் தயார் செய்ய முன்னே போவார். ஆனால் ஒரு லாக்குக்கு மேல் முன்னே போகக் கூடாது. இரண்டு மூன்றை முன்கூட்டியே திருப்பினால் நடுவில் உள்ள சின்ன பவுண்ட்கள் ஒன்று வழியும், ஒன்று வற்றும். தன்னார்வ லாக் கீப்பர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சட்டம், இந்த வழிகாட்டியில் நான் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் சரி.

11. சாய்சுவர் லாக்குகள் இரண்டு

ரெடிங் பக்கம் கார்ஸ்டன், மங்கி மார்ஷ் என்ற இரண்டு லாக்குகளில் நிமிர்ந்த சுவர் கிடையாது, புல் மண்டிய சரிவுக் கரைதான். சுவரை ஒட்டி நிற்பது என்று மேலே சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். ஒட்டி நின்றால், இறங்கும்போது படகின் ஒரு பக்கம் சரிவில் ஏறி உட்காரும். உள்ளே நட்டிருக்கும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் படகை வைத்திருங்கள். தொட்டி அகலமாக இருப்பதால் நிறைய நேரம் எடுக்கும், அதற்காக பேடிலை அவசரமாகத் திறக்காதீர்கள். கதவுகளை எப்படி விட்டுப் போவது என்று கரையில் பலகை இருந்தால் அதில் உள்ளபடி செய்யுங்கள்.